திருப்பெரும்புதூர் வழக்கும் பயங்கரவாதத்தின் அளவுகோலும்

போர்க்காலத்தில் நிகழும் வன்செயல்களுள் எது போர், எது பயங்கரவாதம் என்னும் கேள்வி நீதிமன்றங்களுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே அறநூல்களின் கேள்வியாக இருந்துவந்தது. செங்கல்பட்டு வட்டாரத்தில் அக்கேள்வி 1991 மே 21ஆம் நாள் இரவு நேரடியாக எழுந்தது. அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் அடங்கியிருந்த திருப்பெரும்புதூருக்குத் தேர்தல் பொதுக்கூட்டத்துக்காக வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி அன்று வெடிகுண்டுக்குப் பலியானார். தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் திட்டமிட்டுச் செய்த கொலை இது என்று முடிவுகண்ட பூந்தமல்லித் தனி நீதிமன்றம், 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நால்வரின் தூக்குத் தண்டனையை உறுதி செய்து, மூவரின் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்து, ஏனைய 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அத்தீர்ப்பின் மற்றொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கொலைச் சதி மெய்ப்பிக்கப்பட்டது, ஆனால் நடந்தது சட்டம் குறிப்பிடும் பயங்கரவாதச் செயல் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, எஸ்.எஸ்.எம். குவாத்ரி ஆகியோர் முடிவுசெய்தனர்.

தடா என்று அறியப்பட்ட 1987ஆம் ஆண்டின் பயங்கரவாத, சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், குண்டு, துப்பாக்கி போன்ற கருவியின் பயன்பாட்டை மட்டும் வைத்து ஒருவரைப் பயங்கரவாதி என்று கொள்ளவில்லை. அக்கருவியைக் கையாண்டவரின் உள்ளக்கருத்தையும் சேர்த்தே கேட்டது. சட்டப்படி அமைந்த அரசை மிரட்டிப் பணியவைக்கும் நோக்கமோ, மக்களிடையே பேரச்சத்தை விளைவிக்கும் நோக்கமோ, மக்களில் ஒரு பிரிவினரை அந்நியப்படுத்தும் அல்லது பிரிவுகளுக்கிடையே உள்ள இணக்கத்தைக் குலைக்கும் நோக்கமோ இருந்தாக வேண்டும். இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையின் செயல்களுக்காக ராஜீவ் காந்தி என்ற தனிமனிதர்மீது மூண்ட பகையும், அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்துவிடுவார் என்ற அச்சமுமே சதிக்குக் காரணங்கள். இந்திய அரசைப் பணியவைக்கவோ இந்திய மக்களைக் கலங்கடிக்கவோ சதிகாரர்கள் எண்ணினர் என்பதற்குச் சான்று இல்லை. எனவே இது கொடிய கொலை, ஆனால் தடாவின் பொருளில் பயங்கரவாதம் அன்று என்பதே நீதிமன்றம் சென்ற வழி. தடாவின் கீழ்க் காவல்துறை அதிகாரியிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்கள் மட்டும், தடாக் குற்றம் நிற்காதபோதும் சான்றாக ஏற்கப்பட்டு, தூக்குத் தண்டனைக்கே அடிப்படையாயின. பயங்கரவாதம் இல்லை என்று கண்டபின் பயங்கரவாதத்துக்கென்றே வகுத்த விதிவிலக்கான விசாரணை முறையின் பயனை அரசுத் தரப்புக்கு விட்டுக்கொடுத்தது அத்தீர்ப்பின் ஆறாத குறை.

சட்டத்தின் சொற்களுக்குள் நின்று பார்த்தால் நீதிபதிகளின் முடிவு நேர்மையானது. நாட்டையே உலுக்கிய ஒரு கொலையில், பொதுமக்களின் சினத்துக்கு இணங்காமல் சட்டம் சொன்ன கூறு மெய்ப்பிக்கப்பட்டதா என்று மட்டும் கேட்ட துணிவு பாராட்டுக்குரியது. ஆனால் அம்முடிவு அறத்தின் கண்கொண்டு நோக்குவோருக்கு ஒரு பெரிய இடைவெளியைக் காட்டுகிறது. அன்றிரவு இறந்தவர்கள் மொத்தம் 18 பேர். குண்டைச் சுமந்த பெண்ணையும், அந்நிகழ்வைப் படமெடுக்க அழைத்துவரப்பட்ட இளைஞரையும், ராஜீவ் காந்தியையும் நீக்கினால் எஞ்சும் 15 பேரில் ஒன்பது பேர் பணியிலிருந்த காவல்துறையினர். மற்றவர்களுள் தலைவரின் முன் பாட்டுச் சொல்ல வந்த ஒரு சிறுமியும் அவளுடைய தாயும் உண்டு. இந்தப் பதினைந்து பேரும் கொலையாளிகளின் பகைவர் அல்லர். அவர்களைக் கொல்லும் எண்ணம் இல்லை என்பதே, செயலைப் பயங்கரவாதம் அன்று என்று காட்டும் வாதத்துக்கு வலிமை சேர்த்தது.

நோக்கம் என்பதை மனத்தின் ஆழத்தில் மறைந்துள்ள ஒன்றாக மட்டுமே கருதினால்தான் இவ்வாதம் நிற்கும். அந்தப் பெண் உடலில் கட்டியிருந்த கச்சையில் வெடிமருந்தோடு சிறிய எஃகு உருண்டைகள் நிறைக்கப்பட்டிருந்தன என்று தடய அறிவியல் ஆய்வு காட்டியது. அத்தகைய உருண்டைகள் ஒரே ஆளை நோக்கிச் செல்வதில்லை, வெடிப்பின் விசையில் எல்லாத் திசைகளிலும் சிதறி எதிர்ப்பட்ட உடல்களையெல்லாம் துளைக்கின்றன. மாலையும் கையுமாக மக்கள் நெருங்கி நிற்கும் கூட்டத்துக்கு அப்படிப்பட்ட கருவியைத் தேர்ந்தெடுத்தவர், அருகில் நிற்போர் சாவதற்கும் சேர்த்தே இசைவு தந்தவராகிறார். கிறித்தவ மெய்யியலில் தாமஸ் அக்வினாஸ் காலந்தொட்டு வளர்ந்துவந்த இரட்டை விளைவுக் கோட்பாடு, அதாவது நல்ல நோக்கோடு செய்யும் செயலில் விரும்பாத தீய விளைவும் முன்கூட்டித் தெரிந்தே நேரலாம், அதைச் செய்தவர்மீது முழுப்பழி சுமத்தலாகாது என்னும் கோட்பாடு, இங்கு உதவாது. ஏனெனில் அக்கோட்பாடும் முதன்மைச் செயல் தன்னளவில் தகுதியுடையதா, தீய விளைவைக் குறைக்கச் செய்தவர் முயன்றாரா என்று கேட்கிறது. குறைப்பதற்கு மாறாகப் பெருக்கும் வண்ணம் வடிவமைக்கப்பட்ட கருவியே இங்கு செய்தவரின் கருத்தைச் சொல்லிவிடுகிறது.

இந்தக் கொலையைப் போரின் ஒரு பகுதி என்று வாதிட்டோரும் உண்டு. 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய இலங்கை ஒப்பந்தத்தின்படி வடக்குக்கும் கிழக்குக்கும் சென்ற அமைதிப்படை, அதே ஆண்டு அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் அக்டோபர் 21 அன்று நுழைந்த இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் மாண்டனர். மருத்துவமனையிலிருந்து தம்மீது சுடப்பட்டது என்ற விளக்கத்தை அதிகாரிகள் முன்வைத்தாலும், படுக்கையில் கிடந்தவரும் பணிச்சீருடையில் நின்றவரும் சுடப்பட்டதற்கு அது விடையாகாது. இத்துயரங்கள் உண்மை, அவற்றை நினைவில் சுமந்தவர்களின் சினமும் உண்மை. ஆயினும் 1990 மார்ச்சில் அமைதிப்படை முற்றிலும் திரும்பிவிட்டது. 1991 மே மாதத்தில் ராஜீவ் காந்தி பதவியிலோ படைத்தலைமையிலோ இல்லாத, வாக்குக் கேட்டு ஊர் ஊராகச் சென்ற வேட்பாளர். போர் முடிந்தபின், போர்க்களத்துக்கு வெளியே, ஆயுதம் ஏந்தாதவர்மீது நிகழ்த்தும் பழிவாங்கலுக்குப் போர் என்ற பெயர் பொருந்தாது.

பழிவாங்கல் என்ற இந்த நியாயத்தைச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரக் கிராமங்கள் வெகுகாலமாக அறியும். மாமல்லபுரத்தின் ஒற்றைக்கல் கோயில்களுக்குத் தருமன், பீமன், அருச்சுனன், திரௌபதி என்று பிற்காலத்தவர் பெயர்சூட்டி அழைக்கும் அளவுக்குப் பாரதம் ஊன்றியிருக்கும் இந்தப் பகுதியில், திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் வில்லிபாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்துமாக விழா நடந்து, இறுதியில் மண்ணால் செய்த துரியோதனன் பேருருவின்முன் அவன் வீழ்ச்சியைக் காட்டும் படுகளம் நிகழ்கிறது. அந்தக் கதையில் பாரதப்போரின் பதினெட்டாம் நாள் முடிந்தபின், துரோணரின் மகன் அசுவத்தாமன் இரவில் பாண்டவர் பாசறைக்குள் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த பாண்டவரின் மைந்தர் ஐவரையும் வெட்டிச் சாய்க்கிறான். அவனுக்கு நியாயமே இல்லை என்று காப்பியம் சொல்வதில்லை. அவனுடைய தந்தையை, மகன் இறந்தான் என்ற பொய்யைச் சொல்லி ஆயுதத்தைக் கீழே வைக்கச் செய்து, அந்த நிலையில் பாண்டவர் தரப்புத் திட்டத்துய்மன் கொன்றான் என்பதை அது மறைப்பதும் இல்லை. ஆனால் தந்தையின் கொலை எத்துணை இழிவானதாயினும், உறங்குவோரைக் கொன்ற செயல் அதனால் போராகிவிடாது என்று அது தீர்த்துச் சொல்கிறது. அவன் கொண்டுவந்த தலைகளைக் கண்டு, எவன் பொருட்டு இச்செயல் நடந்ததோ அந்தத் துரியோதனனே மகிழாமல் வருந்துவதாக வில்லிபுத்தூரார் பாடியிருக்கிறார். படுகளத்தைக் காண விடியும் வரை விழித்திருக்கும் ஊர்மக்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதே வேறுபாட்டைக் கல்லிலும் காணலாம். மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினிக் குகையின் பக்கச் சுவரில், சிங்கத்தின்மீது வில்லை வளைத்து வரும் கொற்றவைக்கு எதிரே, எருமைத் தலையும் மனித உடலும் கொண்ட மகிடன் பெரிய கதாயுதத்தை இரு கைகளாலும் பற்றியபடி சற்றே பின்வாங்கிச் சாய்ந்து நிற்கிறான். அவனுக்கு மேல் அரசக் குடை இன்னும் தாழவில்லை. காலடியில் வீழ்த்தப்பட்ட பகைவனாக அவனைக் காட்டாமல், போரிடும் ஆற்றலோடு நிற்கும்போதே காட்டியதில் பல்லவச் சிற்பியின் போர்ப்பார்வை தெரிகிறது: ஆயுதம் ஏந்தியவனை ஆயுதம் ஏந்தியவன் எதிர்கொள்வதே போர். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று ஒன்பதாம் பாடல் இதற்குச் சொல்வடிவம் தருகிறது. அம்பு விடுமுன் ஆக்களையும் பார்ப்பனரையும் பெண்டிரையும் நோயாளரையும் பிள்ளைப்பேறு இல்லாதோரையும் காவலான இடத்துக்கு விலகச் சொல்லி அறிவிப்பதை அது அரசனின் அறவழியாகப் போற்றுகிறது. திருக்குறளோ ஒரு படி மேலே சென்று, குடிகளை அஞ்ச வைக்கும் செயல்களைச் செய்யாமை என்பதற்கென்றே 57ஆம் அதிகாரத்தை ஒதுக்கி, அதனை அரசனுக்குரிய பொருட்பாலில் வைத்துள்ளது. அச்சத்தை ஆட்சிக்கருவியாக்கும் குற்றம் முதலில் அரசனைச் சார்ந்ததாகவே அங்கு பேசப்படுகிறது.

இந்த மரபு மாசற்றது என்று கொள்வதற்கில்லை. பகைவர் நாட்டை எரியூட்டுவதையும் விளைநிலத்தை அழிப்பதையும் வென்றோர் புகழாகப் பாடும் துறைகள் அதே புறத்திணையில் உள்ளன. எரிந்த ஊரில் இருந்தவர் யார் என்று அப்பாடல்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. கடலுக்கு அப்பால், சிங்கள மரபின் வரலாற்று நூலாகப் போற்றப்படும் மகாவம்சமோ, தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு போரில் மாண்ட பல்லாயிரவரை எண்ணி மனம் வருந்தியபோது, கொல்லப்பட்டோருள் மனிதராக எண்ணத்தக்கவர் ஒன்றரைப் பேர் மட்டுமே, மற்றவர் விலங்குக்கு ஒப்பானவர் என்று துறவிகள் அவனைத் தேற்றியதாகச் சொல்கிறது. கொல்லாமையை முதல் சீலமாகக் கொண்ட சமயத்தின் பெயரால் இப்படி ஒரு கணக்கு எழுதப்பட்டதை எந்த விளக்கத்தாலும் மென்மையாக்க முடியாது. எதிர்த்தரப்பில் மாண்டவரை மனிதக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டால், எந்தச் செயலையும் போர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இக்காலத்து அரசுகள் இந்தக் கணக்கை வேறு வடிவில் எழுதுகின்றன. பயங்கரவாதம் குறித்த முழுமையான உலகளாவிய உடன்படிக்கை ஒன்றுக்கான வரைவை இந்தியா 1996இல் ஐக்கிய நாடுகள் அவையில் முன்வைத்தது. விடுதலைப் போராட்டங்களை வரையறைக்குள் அடக்கலாமா, நாடுகளின் படைகள் செய்பவற்றை வரையறையிலிருந்து விலக்கலாமா என்ற இரண்டு கேள்விகளில் அது இன்றுவரை சிக்கிக்கிடக்கிறது. படையினருக்குப் போர்ச்சட்டம் தனியே உண்டு, அதனால் அவர்களைப் பயங்கரவாதச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டியதில்லை என்று அரசுகள் கூறும். அதே போர்ச்சட்டம் தமக்கும் பொருந்தும், எனவே தம்மையும் பயங்கரவாதிகள் என்று சொல்லலாகாது என்று இயக்கங்கள் கூறும். தம்மை ஐரோப்பிய ஒன்றியம் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்ததை எதிர்த்து, விடுதலைப் புலிகளின் பெயரால் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்தில் இந்த வாதமே வைக்கப்பட்டது. 2014 அக்டோபர் 16 அன்று நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை, போரில் ஈடுபட்டிருப்பது பயங்கரவாதப் பட்டியலிலிருந்து யாரையும் காப்பதில்லை என்றது. ஆனால் பட்டியலிட்ட முடிவு உரிய அமைப்புகளின் ஆய்வை விட்டுச் செய்தித்தாள், இணையத் தகவல்களை நம்பி எடுக்கப்பட்டது என்று கண்டு அம்முடிவையே நீக்கியது. ஒரே தீர்ப்பில் இயக்கத்தின் வாதத்தையும் அரசுகளின் அலட்சியத்தையும் ஒருசேர மறுத்த அந்த நிலைப்பாடு, இந்தத் துறையில் அரிதாகக் காணப்படும் நடுநிலை.

யார் செய்தார் என்று கேட்பது அரசுகளின் வழக்கம், எதற்காகச் செய்தார் என்று கேட்பது இயக்கங்களின் வழக்கம். தடாவும் உள்ளக்கருத்தைத் தேடியதன் மூலம் இரண்டாவதையே முதன்மையாக்கிக்கொண்டது. அறம் முதலில் கேட்க வேண்டியது யார்மீது செய்யப்பட்டது என்பதுதான். தன்னைக் காத்துக்கொள்ள ஆயுதமோ, போரில் பங்கோ இல்லாத ஒருவர்மீது, அவரையோ அவரைப் போன்றவரையோ அச்சத்தால் ஆள்வதற்காக அல்லது அவர் சாவைப் பொருட்படுத்தாமல் வேறொரு குறியை அடைவதற்காகச் செய்யும் அரசியல் வன்செயல் பயங்கரவாதம். அதைச் செய்தவர் சீருடையில் இருந்தாரா, அவருடைய இலக்கு விடுதலையா ஒருமைப்பாடா என்பது பழியின் பெயரை மாற்றாது. சொந்தப் பகையால் நடக்கும் கொலையிலிருந்து இதைப் பிரிப்பதற்கு மட்டுமே நோக்கம் தேவைப்படும். 2009இல் இலங்கைப் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில், அந்நாட்டு அரசே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடங்களுக்குள் எறிகணைகள் விழுந்ததையும், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதையும் ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் ஒரே அறிக்கையில் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளாகப் பதிந்தபோது, இந்த அளவுகோலையே அது பயன்படுத்தியது.

தமிழரிடையே இந்த அளவுகோலை உயிரைக் கொடுத்துக் கடைப்பிடித்தவர் ராஜனி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த அவர், ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’ நூலில் இலங்கைப் படை, இந்தியப் படை, இயக்கங்கள் ஆகிய எல்லாரும் ஆயுதமற்ற மக்கள்மீது செய்தவற்றை ஒரே கணக்கில் எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார்; கொன்றவர்கள் புலிகளே என்று அவருடைய குடும்பத்தினரும் சக ஆசிரியர்களும் கூறிவருகின்றனர். எந்தத் தரப்பும் விரும்பாத கணக்கை எழுதியவருக்கு எந்தத் தரப்பிலும் காவல் கிடைக்கவில்லை.

பயங்கரவாதம் என்ற குற்றச்சாட்டை ஆளைப் பார்த்துச் சுமத்தினால் விளையும் தீமையைச் செங்கல்பட்டு நகரமே கண்டது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிந்திய ஆண்டுகளில் இங்கு இயங்கிய சிறப்பு முகாமில், இலங்கைத் தமிழ் ஏதிலியர் பலர் 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் பிறப்பித்த நிர்வாக ஆணையால் அடைக்கப்பட்டனர். நீதிமன்றத்தில் பிணை பெற்றவரும்கூட வெளியே செல்லாமல் நேராக அந்த முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முகாம் என்று பெயர் இருந்தாலும் சுவரும் பூட்டும் சிறைக்குரியவை. விடுதலை எப்போது என்ற கேள்விக்குச் சிறைக்கைதிக்குக் கிடைக்கும் விடைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உண்ணாநோன்பு இருந்துதான் அவர்கள் தம் நிலையை வெளியே தெரிவிக்க முடிந்தது. என்ன செய்தார் என்பதைக் கேளாமல் எந்த மண்ணிலிருந்து வந்தார் என்பதைக் கேட்டதன் விளைவு இது.

தடா 1995இல் காலாவதியானது. அதன் இடத்தில் இன்று நிற்பது, 2004, 2008 ஆண்டுகளில் திருத்தப்பட்ட சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். அதன் 15ஆம் பிரிவு, அச்சம் விளைவிக்கும் நோக்கத்தோடு, அச்சம் விளைவிக்கக்கூடியதாக இருந்தாலே போதும் என்ற சொற்களையும் சேர்த்துக்கொண்டுள்ளது. திருப்பெரும்புதூர் நிகழ்வு இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட்டிருந்தால் 1999இன் முடிவு வேறாக இருந்திருக்கலாம். அந்த வகையில் இடைவெளி ஒன்று அடைபட்டது. ஆனால் அதே பிரிவு ஆயுதங்களைப் பட்டியலிட்டபின் வேறு எவ்வகை வழியாலும் என்றும் சேர்த்து எழுதிக்கொண்டதால், யாருக்கும் காயம் விளைவிக்காத பேச்சையும் எழுத்தையும் போராட்டத்தையும் பயங்கரவாதமாகக் காட்டுவதற்கு வாயில் திறந்துள்ளது; ஆயுதமற்றவரைக் காக்கவேண்டிய சட்டம் ஆயுதமற்றவரையே சிறையில் வைக்கிறது. வரையறையை விரித்துக்கொண்டே போவதால் இக்குறை தீராது. ஆயுதம் ஏந்தாதோர்மீது நிகழ்ந்த வன்செயல் என்பதைச் சட்டம் தன் முதல் கூறாக ஏற்க வேண்டும். அதே கூறு அரசுப் படைகளையும் கட்டுப்படுத்த வேண்டும். பொதுமக்களிடையே பேரச்சத்தைப் பரப்புவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட வன்செயலைப் படைகளுக்கும் இயக்கங்களுக்கும் ஒருசேரத் தடைசெய்யும் 1977ஆம் ஆண்டின் ஜெனீவாக் கூடுதல் நெறிமுறைகளில் இந்தியாவும் இலங்கையும் இன்றுவரை சேரவில்லை. 1996இன் வரைவை உலகின்முன் வைத்த நாடு அந்த நெறிமுறைகளில் முதலில் தானே சேர வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கும் உரிமையும் கடமையும் தமிழக வாக்காளர்களுக்கு உண்டு.